மாலிப்டினம் இல்லாவிட்டால் வேர்முடிச்சு ஏன் வேலை செய்வதில்லை? நொதிக்குள் உட்கார்ந்திருக்கும் உலோகம் பற்றி

மல்லாட்டைக்கொல்லை

வணக்கம். திண்டிவனம் பக்கம் செம்மண் கொல்லையில் மல்லாட்டை போட்டிருக்கிறோம். பூ எடுக்கும் பருவம். அடி இலைகள் வெளிறி மஞ்சளாகிக்கொண்டு வருகின்றன, செடியில் வளர்த்தி இல்லை. மண் பரிசோதனையில் பி.எச். 5.4 என்று வந்தது. வேளாண்மை படித்த உறவினர் ஒருவர் வந்து பார்த்தார். "மண் அமிலமாக இருக்கிறது. மாலிப்டினம் கிடைக்காமல் வேர்முடிச்சு வேலை செய்யவில்லை போலிருக்கிறது. சோடியம் மாலிப்டேட் கொடுத்துப் பாருங்கள்" என்றார்.

அளவைக் கேட்டால் ஏக்கருக்குச் சில பத்து கிராம் என்கிறார். ஜிப்சம் ஏக்கருக்கு 160 கிலோ போடுகிறோம், யூரியாவை மூட்டைக் கணக்கில் வாங்குகிறோம். உள்ளங்கையில் அடங்கிவிடுகிற ஓர் உப்பு ஒரு ஏக்கர் பயிரின் நிறத்தை மாற்றும் என்றால் அது அங்கே போய் என்னதான் செய்கிறது? மருந்தளவு மட்டும் சொல்லி முடித்துவிடாமல், உள்ளே நடப்பதைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

நொதிப்பித்தன்

ஐயா, நல்ல இடத்தில் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அந்த உப்பு செடிக்கு உணவாகப் போவதில்லை. ஒரு நொதியின் மையத்தில் போய் உட்காருகிறது. அந்த நொதியின் பெயர் நைட்ரஜனேஸ். உங்கள் மல்லாட்டை வேர்முடிச்சுக்குள் வாழும் பாக்டீரியாக்களிடம் அது இருக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றுவது அதன் வேலை.

அந்த வேலை எவ்வளவு கடினம் என்று முதலில் பார்ப்போம். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மும்மைப் பிணைப்பால் இறுகியிருக்கின்றன. அதை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 945 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். யூரியா ஆலைக்கு வேண்டிய அம்மோனியாவை ஹேபர்-போஷ் முறையில் தயாரிக்கும்போது 400 முதல் 500 டிகிரி வெப்பம் தேவைப்படுகிறது, அதோடு வளிமண்டல அழுத்தத்தைப்போல நூறு மடங்குக்கும் மேலான அழுத்தமும். ஜெர்மனியில் ஓப்பாவ் ஆலை 1913-இல் இதைப் பெரிய அளவில் தொடங்கியது. அதே வேதிவினையை உங்கள் கொல்லையில் ஒரு பாக்டீரியா, மண்ணின் சூட்டிலேயே, சாதாரணக் காற்றழுத்தத்திலேயே செய்து முடிக்கிறது.

எப்படி என்றால், அதனிடம் ஒரு உலோகக் கொத்து இருக்கிறது. 7 இரும்பு, 9 கந்தகம், 1 மாலிப்டினம். மாலிப்டினம் இருக்கும் முனையில் ஹோமோசிட்ரேட் என்ற கரிம அமிலம் ஒட்டியிருக்கும். இந்த முழு அமைப்புக்கும் இரும்பு-மாலிப்டினம் துணைக்காரணி என்று பெயர். இவ்வளவு பெரிய கொத்தைப் புரதம் இரண்டே இடத்தில்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது: ஒரு முனையில் ஒரு சிஸ்டீன், மறுமுனையில் ஒரு ஹிஸ்டிடின், இரண்டும் அந்தப் புரதத்தின் அமினோ அமிலங்கள்.

உங்கள் "சில பத்து கிராம்" கணக்குக்கு வருகிறேன். அந்தக் கொத்தைத் தாங்கும் புரதத்தின் எடை சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் டால்டன் (ஒரு ஹைட்ரஜன் அணு ஏறத்தாழ 1 டால்டன்). அதில் மாலிப்டினம் அணுக்கள் இரண்டே இரண்டுதான், அவற்றின் எடை சுமார் 192. ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதோடு அது செலவாகித் தீர்வதும் இல்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை முடித்துவிட்டு அடுத்ததற்குத் தயாராகிவிடும். அதனால்தான் கிராம் கணக்கு போதுகிறது. அது இல்லையென்றால் முழு நொதியும் வீண்.

செம்மண்மேடு

பயிர் பக்கத்திலிருந்து சில வார்த்தை.

தெளிப்பதற்கு முன்னால் ஒரு செடியை மண்வெட்டியால் பெயர்த்து எடுங்கள், கையால் இழுக்காதீர்கள், முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை இல்லை. முடிச்சே இல்லையென்றால் பிரச்சினை முடிச்சை உண்டாக்கும் பாக்டீரியாவான ரைசோபியத்தில், மாலிப்டினத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொன்று, மஞ்சள் எந்த இலையில் என்று பாருங்கள். அடி இலையில் தொடங்கினால் தழைச்சத்துக் குறை. கொழுந்து இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறை, சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் வருவது. நீங்கள் சொல்வது முதல் வகை. பி.எச். 5.4 என்பதும் அதோடு பொருந்துகிறது. அமில மண்ணில் இரும்பு ஆக்சைடுகள் மாலிப்டேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேருக்கு விடாது. பி.எச். ஏற ஏற அது விடுபடும். துத்தநாகம், இரும்பு, மாங்கனீஸ் எல்லாம் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கின்றன. ஆகவே சில நிலங்களில் சுண்ணாம்பு இட்டாலே போதும், மாலிப்டினம் தனியாக வேண்டியதில்லை.

இதை முதலில் வயலில் காட்டியவர் ஆண்டர்சன் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி. 1942-இல், தெற்கு ஆஸ்திரேலியாவின் இரும்புக்கல் கலந்த அமில மண்ணில் மேய்ச்சலுக்கான குளோவர் செடி வளராமல் நின்றது. ஏக்கருக்கு அவுன்ஸ் கணக்கில் மாலிப்டினம் போட்டதும் நிலம் பச்சையானது. அதற்கு முன்பே, 1930-இல், போர்டெல்ஸ் என்பவர் அசோட்டோபாக்டர் என்ற மண் பாக்டீரியா நைட்ரஜனை நிலைநிறுத்த மாலிப்டினம் வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் கண்டிருந்தார்.

அளவை மீறாதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். மல்லாட்டைக் கொடியை மாட்டுக்குத்தானே போடுவீர்கள்? தீவனத்தில் மாலிப்டினம் மிகுந்தால் மாட்டின் முதல் வயிற்றில் அது கந்தகத்தோடு சேர்ந்து தாமிரத்தைக் கட்டிவிடும். மாடு கழியும், மெலியும், மயிர் நிறம் வெளுக்கும். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதி மேய்ச்சல் நிலங்களில் தலைமுறைகளாக இந்தக் கழிச்சல் இருந்தது. காரணம் மாலிப்டினம் என்று 1930களின் கடைசியில்தான் தெரிந்தது. தாமிர சல்பேட் கொடுத்ததும் மாடுகள் தேறின.

கயல்

செம்மண்மேடு ஐயா சொன்ன அந்த இளஞ்சிவப்பும் ஓர் உலோகத்தின் நிறம்தான். லெக்ஹீமோகுளோபின், நம் இரத்தத்தில் உள்ளதைப் போலவே ஹீமுக்குள் இரும்பு வைத்த புரதம். நைட்ரஜனேஸில் இருக்கும் இரும்பு-கந்தகக் கொத்துகள் ஆக்சிஜன் பட்டால் சிதைந்துவிடும். ஆனால் பாக்டீரியாவுக்கு மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். செடி இந்தப் புரதத்தைச் செய்து, ஆக்சிஜனைக் கட்டுப்பாடாகப் பாக்டீரியாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறது. எந்த நேரத்திலும் கட்டற்ற ஆக்சிஜன் மிகக் குறைவாகவே இருக்கும். பாக்டீரியாவுக்கு கோபால்ட்டும் தேவை, அது பி12 வைட்டமின் வடிவில். ஒரு முடிச்சுக்குள் இரும்பு, மாலிப்டினம், கோபால்ட் மூன்றும் ஒரே நேரத்தில் வேலையில் இருக்கின்றன.

நொதிப்பித்தன் அண்ணா கொத்தின் கணக்கைச் சொல்லும்போது நடுவில் இருக்கும் அணுவை விட்டுவிட்டார். அதைச் சொல்லாமல் என்னால் போக முடியாது, இந்தத் துறைக்குள் என்னை இழுத்ததே அந்த அணுதான்.

1992-இல் கிம், ரீஸ் இருவரும் கலிஃபோர்னியாவில் நைட்ரஜனேஸின் படிக அமைப்பை வெளியிட்டார்கள். கொத்தின் நடுவில் 6 இரும்பு அணுக்கள் ஒரு வெற்றிடத்தைச் சூழ்ந்து நிற்பதுபோலத் தெரிந்தது. அது வேதியியலாளர்களுக்கு உறுத்தலாக இருந்தது. ஒவ்வொரு இரும்புக்கும் வேண்டிய பிணைப்பு குறைவாகத் தெரிந்தது. 10 ஆண்டு கழித்து, 2002-இல், ஐன்ஸ்லேயும் ரீஸும் குழுவினரும் 1.16 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் மறுபடி பார்த்தார்கள். அந்த "வெற்றிடத்தில்" ஏதோ ஒரு லேசான அணு இருந்தது. சுற்றியிருக்கும் இரும்பும் கந்தகமும் எக்ஸ்-கதிரைச் சிதறடிக்கும் விதம், முந்தைய துல்லியத்தில் அந்தச் சிறிய அணுவை முழுவதுமாக மறைத்துவிட்டிருக்கிறது.

அது கார்பனா, நைட்ரஜனா, ஆக்சிஜனா? இந்தக் கேள்வி இன்னும் 9 ஆண்டு ஓடியது. பலர் நைட்ரஜன் என்றே நினைத்தார்கள். நைட்ரஜனை உடைக்கும் நொதியின் நடுவில் நைட்ரஜன் இருப்பது இயல்பாகத் தோன்றியது. 2011-இல் இரண்டு குழுக்கள் இரண்டு வேறு வழிகளில், ஒன்று இன்னும் கூர்மையான படிக ஆய்வாலும் மற்றொன்று எக்ஸ்-கதிர் உமிழ்வு நிறமாலையாலும், அது கார்பன் என்று உறுதிசெய்தன. 6 இரும்பு அணுக்களோடு ஒரே நேரத்தில் பிணைந்த ஒற்றைக் கார்பன். உயிர் வேதியியலில் அதுவரை யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அடுத்த ஆண்டே ரிபியும் ஹூவும் குழுவினரும் அந்தக் கார்பன் எங்கிருந்து வருகிறது என்பதையும் காட்டினார்கள். எஸ்-அடினோசைல் மெத்தியோனைன் என்ற சாதாரண மூலக்கூறின் மெத்தில் தொகுதியிலிருந்து, நிஃப்-பி என்ற நொதி அதைப் பிடுங்கிக் கொத்துக்குள் வைக்கிறது.

பன்னிரண்டாம்வகுப்பு

எல்லோருக்கும் வணக்கம். நான் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பாடத்தில் "நொதிகள் புரதங்களால் ஆனவை, சிலவற்றுக்குத் துணைக்காரணி தேவை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். படித்தபோது துணைக்காரணி என்றால் ஏதோ பக்கத்தில் நின்று உதவுவது என்றே தோன்றியது. இங்கே படித்தால் உலோகம்தான் எல்லா வேலையும் செய்கிறது போலிருக்கிறது. அரைப்பது அம்மியா குழவியா என்று கேட்பதுபோல இருக்கலாம், ஆனாலும் கேட்கிறேன். வேலை செய்வது புரதமா உலோகமா?

நொதிப்பித்தன்

தம்பி, என் பதில் நேரடியானது: உலோகம். கார்பானிக் அன்ஹைட்ரேஸை எடுத்துக்கொள். நம் சிவப்பணுவில் கார்பன் டை ஆக்சைடையும் தண்ணீரையும் சேர்த்து பைகார்பனேட் ஆக்கும் நொதி. நொடிக்குப் பத்து லட்சம் மூலக்கூறு என்ற வேகத்தில் ஓடும். அதில் துத்தநாகம் இருப்பதை 1940-இல் கெய்லினும் மானும் கண்டுபிடித்தார்கள், துத்தநாகம் உள்ள நொதி என்று முதன்முதலில் தெரியவந்தது அதுதான். துத்தநாகத்தை உருவி எடுத்துவிட்டால் புரதம் அப்படியே மடிந்த நிலையில் இருக்கும், வேலை மட்டும் நடக்காது. திரும்பத் துத்தநாகம் கொடுத்தால் உயிர் வந்துவிடும். அதைவிட, துத்தநாகத்துக்குப் பதில் கோபால்ட் கொடுத்தாலும் பெருமளவு வேலை செய்கிறது. புரதம் மாறவில்லை, உலோகம் வந்ததும் வேலை வந்தது. வேறு என்ன சான்று வேண்டும்?

கயல்

அண்ணா, அதே சான்றை மறுபக்கமிருந்து பாருங்கள். துத்தநாக உப்பைத் தண்ணீரில் கரைத்து கார்பன் டை ஆக்சைடை ஊதினால் அந்த வேகம் கிடைக்குமா? கிடைக்காது. நொதிக்குள் துத்தநாகத்தை மூன்று ஹிஸ்டிடின்கள் பிடித்திருக்கின்றன, நான்காவது இடத்தில் ஒரு தண்ணீர் மூலக்கூறு. சாதாரணத் தண்ணீர் தன் புரோட்டானை எளிதில் விடாது. இங்கே ஏறத்தாழ பி.எச். 7-லேயே விட்டுவிட்டு ஹைட்ராக்சைடாக மாறி நிற்கிறது. அந்த ஹைட்ராக்சைடுதான் கார்பன் டை ஆக்சைடைத் தாக்குகிறது. விட்ட புரோட்டானை வெளியே கடத்த இன்னொரு ஹிஸ்டிடின் வாசலில் நிற்கிறது. துத்தநாகத்தின் குணத்தை இந்த அளவுக்கு இழுத்துவைத்தது புரதம்தானே?

நைட்ரஜனேஸில் இது இன்னும் தெளிவு. 1977-இல் ஷாவும் பிரில்லும் விஸ்கான்சினில் இரும்பு-மாலிப்டினம் துணைக்காரணியைப் புரதத்திலிருந்து முழுசாகப் பிரித்தெடுத்து, என்-மெத்தில் ஃபார்மமைடு என்ற கரைப்பானில் வைத்தார்கள். அதைக் கொத்து இல்லாத புரதத்துக்குக் கொடுத்தால் நொதி உயிர்பெற்றது. ஆனால் கரைப்பானில் தனியாக இருக்கும்போது அது நொதிக்குள் செய்வது போல நைட்ரஜனை அம்மோனியாவாக்கவில்லை.

கொத்தைத் தொடாமல் பக்கத்திலிருக்கும் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிப் பார்த்த சோதனைகளும் உண்டு. 195-ஆம் இடத்து ஹிஸ்டிடினைக் குளூட்டமினாக மாற்றினால் அசெட்டிலீனை வழக்கம்போல ஒடுக்குகிறது (அதாவது எலக்ட்ரான் சேர்த்து மாற்றுகிறது), நைட்ரஜனிடம் ஏறக்குறையத் தோற்றுவிடுகிறது. 70-ஆம் இடத்து வாலினைச் சின்னதாக்கினால், முன்பு உள்ளே வர முடியாத பெரிய மூலக்கூறுகள் வருகின்றன. உலோகம் அதேதான், கதவு மாறியிருக்கிறது.

தம்பி, தேர்வில் பாடத்தில் உள்ளபடி எழுது. ஆனால் மனதில் இதை வைத்துக்கொள்: வினை நடக்கும் இடம் உலோகம், அந்த வினையை அந்த இடத்தில் நடக்கக்கூடியதாக ஆக்குவது புரதம்.

நொதிப்பித்தன்

கயல், ஹிஸ்டிடின் 195 வலுவான வாதம், ஏற்கிறேன். ஆனால் ஹோமோசிட்ரேட்டையும் கணக்கில் எடுங்கள். நிஃப்-வி மரபணு கெட்ட பாக்டீரியாவில் ஹோமோசிட்ரேட்டுக்குப் பதில் சிட்ரேட் வந்து ஒட்டிக்கொள்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு கார்பன் நீளம். புரதம் துளியும் மாறவில்லை. இருந்தும் நைட்ரஜனை ஒடுக்கும் திறன் பெரிதும் விழுந்துவிடுகிறது. துணைக்காரணியின் உள் அமைப்பே தீர்மானிக்கிறது என்பதற்கு இது என் பக்கத்துச் சான்று.

வன்னியூரான்

உங்கள் இருவருடைய விவாதத்தையும் வாசித்துக்கொண்டிருந்தேன். இதே கேள்வியில் ஒரு முழுத் தலைமுறை விஞ்ஞானிகள் மோதியிருக்கிறார்கள், அதைச் சொல்ல வேண்டும்.

1926-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் சம்னர், யூரியாவை உடைக்கும் யூரியேஸ் நொதியைப் படிகமாக்கினார். எடுத்தது ஜாக் பீன் விதையிலிருந்து, நம் வாளவரைக்கு நெருங்கிய இனம். அந்தக் காலத்தில் ஜெர்மனியின் வில்ஸ்டேட்டர் போன்ற பெரியவர்கள், நொதி என்பது புரதம் அல்ல, புரதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஏதோ சிறிய பொருள் என்று சொல்லிவந்தார்கள். சம்னர், என் படிகத்தில் புரதத்தைத் தவிர வேறு எதுவுமில்லை, அதுவே வேலை செய்கிறது என்றார். பல ஆண்டுகள் எதிர்ப்பு. கடைசியில் அவர் கருத்து வென்றது, 1946-இல் நோபல் பரிசும் வந்தது.

அதன் பிறகு 1975-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஸெர்னர் குழுவினர் அதே ஜாக் பீன் யூரியேஸைக் கவனமாக அளந்தார்கள். உள்ளே நிக்கல் இருந்தது. உயிரினங்களில் நிக்கலுக்கு நொதி வேலை உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. ஏறத்தாழ 50 ஆண்டு அந்தப் படிகத்துக்குள்ளேயே இருந்தும் யாரும் காணவில்லை. சம்னர் நொதி ஒரு புரதம் என்று சொன்னது முற்றிலும் சரி. அந்தப் புரதம் தனியாக வேலை செய்கிறது என்பது மட்டும் சரியாக நிற்கவில்லை.

1995-இல் அமைப்பும் கிடைத்தது. இரண்டு நிக்கல் அணுக்கள், அவற்றை இணைக்கும் பாலமாக ஒரு லைசீன். அந்த லைசீனோடு ஒரு கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து கார்பமேட்டாக மாறியிருக்கிறது, அப்படி மாறினால்தான் நிக்கல்கள் சரியான இடத்தில் உட்காரும். இதில் புரதம் எங்கே முடிகிறது, துணைக்காரணி எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க என்னால் முடியவில்லை. ஆகவே எந்தக் கட்சியிலும் நான் சேரவில்லை.

வயலில் யூரியா போட்டதும் அமோனியா வாடை அடிக்கிறதே, அது மண்ணிலுள்ள நுண்ணுயிர்களின் இந்த நிக்கல் நொதி செய்யும் வேலை. வயிற்றுப் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரியும் இரைப்பை அமிலத்தில் சாகாமல் இருப்பதற்கு இதே நொதியைத்தான் நம்பியிருக்கிறது.

மல்லாட்டைக்கொல்லை

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. முடிச்சைக் கீறிப் பார்த்தேன். முடிச்சுகள் நிறைய இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் வெளிறித்தான் இருக்கின்றன, ஓரிரண்டு மட்டும் லேசான சிவப்பு.

ஒரு சந்தேகம். மாலிப்டினம் குறைந்தால் பாக்டீரியா வேறு உலோகத்தை வைத்துச் சமாளிக்காதா? கார்பானிக் அன்ஹைட்ரேஸில் கோபால்ட் போட்டாலும் ஓடும் என்றார்களே.

கயல்

சில பாக்டீரியா சமாளிக்கும் ஐயா, உங்கள் மல்லாட்டை ரைசோபியத்தால் முடியாது. மண்ணில் தனியாக வாழும் அசோட்டோபாக்டர் வைன்லேண்டியிடம் மூன்று தனித்தனி நைட்ரஜனேஸ்கள் உண்டு. ஒன்றில் மாலிப்டினம், ஒன்றில் வனேடியம், ஒன்றில் இரும்பு மட்டும். 1980-இல் பிஷப் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை, மாலிப்டினம் கலப்படமாக இருந்திருக்கும் என்றார்கள். பின்னர் மாலிப்டினம் நைட்ரஜனேஸின் மரபணுவையே நீக்கிய வகையும் நைட்ரஜனை நிலைநிறுத்தியதும் வாதம் முடிந்தது.

மாலிப்டினம் கிடைக்கும்போது அந்த பாக்டீரியா மற்ற இரண்டையும் தொடுவதே இல்லை. காரணம் செலவு. மாலிப்டினம் வகையிலேயே ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு குறைந்தது 16 ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு), 8 எலக்ட்ரான் போகிறது. அதிலும் 2 எலக்ட்ரான் ஹைட்ரஜன் வாயுவாக வெளியேறிவிடுகிறது. கொத்து முதலில் 4 எலக்ட்ரான்களையும் 4 புரோட்டான்களையும் தன்மேல் சேர்த்துக்கொண்டு, ஒரு ஹைட்ரஜனை விடும் அந்த நொடியில்தான் நைட்ரஜன் வந்து பிணைகிறது. ஆகவே அந்த ஹைட்ரஜனை வெறும் கசிவு என்று எடுத்துக்கொள்ள முடியாது, வினையின் ஒரு படி அது. வனேடியம், இரும்பு வகைகளில் ஹைட்ரஜனாகப் போகும் பங்கு இன்னும் அதிகம்.

உலோகம் மாறுவதற்கு இன்னோர் அருமையான இடம் கடல். அங்கே மேல்நீரில் துத்தநாகம் மிக அரிது. தலாசியோசைரா வைஸ்ஃப்ளோகி என்ற டயாட்டம் (ஒரு வகை நுண்பாசி) தன் கார்பானிக் அன்ஹைட்ரேஸில் கேட்மியத்தை வைத்துக்கொள்கிறது. நமக்கு நஞ்சாக மட்டுமே தெரிந்த கேட்மியம் ஓர் உயிரினத்தில் பயனுள்ள வேலை செய்வது அந்த ஒரு நொதியில்தான் கண்டறியப்பட்டது.

மருத்துவர்_தென்காசி

மருத்துவப் பக்கத்திலிருந்தும் சொல்கிறேன், ஏனென்றால் தவறான உலோகம் தவறான இடத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் நேரில் பார்க்கிறோம்.

ஈயம். ஹீம் தயாரிக்கும் வழியில் அமினோலெவுலினிக் அமில டிஹைட்ரடேஸ் என்ற துத்தநாக நொதி இருக்கிறது. ஈயம் அந்தத் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு உட்காரும். வேலை நின்றுவிடும். ஈயம் ஏறிய குழந்தைக்கு இரத்தசோகை வருவதில் இதற்குப் பங்கு உண்டு, தேங்கும் அந்த அமிலம் நரம்புக்கும் கேடு.

நேர்மாறாக, உலோகத்தைக் குறிவைத்தே மருந்தும் செய்கிறோம். கண் அழுத்தத்துக்கும் மலை ஏறும்போது வரும் நோய்க்கும் தரும் அசெட்டசோலமைடு, கார்பானிக் அன்ஹைட்ரேஸின் துத்தநாகத்திலேயே நேராகப் போய்ப் பிணைகிறது.

மாலிப்டினம் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதால் இதை அவசியம் சொல்ல வேண்டும். மனித உடலிலும் மாலிப்டினம் துணைக்காரணி உண்டு. பயிரின் நைட்ரேட் ரிடக்டேஸிலும் அதே குடும்பம்தான். அது நைட்ரஜனேஸின் கொத்திலிருந்து முற்றிலும் வேறானது. மாலிப்டோப்டெரின் என்ற கரிம மூலக்கூறு மாலிப்டினத்தை இரண்டு கந்தகங்களால் பிடித்திருக்கும். இரண்டும் ஒன்றே என்று முன்பு நம்பினார்கள், வேறு வேறு என்று 1977-இல்தான் தெரிந்தது. மாலிப்டோப்டெரினின் அமைப்பைக் கண்டறிந்ததில் டியூக் பல்கலைக்கழகத்தின் கே. வி. ராஜகோபாலனுக்கும் ஜீன் ஜான்சனுக்கும் பெரும் பங்கு.

இந்தத் துணைக்காரணியைச் செய்ய முடியாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு, மிக அரிது. அதை நம்பியிருக்கும் சல்ஃபைட் ஆக்சிடேஸ் என்ற நொதி இயங்காது, சல்ஃபைட் தேங்கி மூளையை அரிக்கும். பிறந்த சில நாளிலேயே கட்டுப்படாத வலிப்பு. மாலிப்டினம் உப்பு கொடுத்துப் பயனில்லை, ஏனென்றால் குறை உலோகத்தில் இல்லை, அதைப் பிடிக்கும் மூலக்கூறைச் செய்வதில் இருக்கிறது. ஜெர்மனியில் குந்தர் ஷ்வார்ட்ஸ் குழுவினர் அந்தத் தயாரிப்பின் இடைப்பொருளை பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்தார்கள். 2008-இல் மெல்போர்னில் ஒரு பச்சிளம் குழந்தைக்கு முதன்முதலாகக் கொடுத்தார்கள், வலிப்பு அடங்கியது. 2021-இல் அமெரிக்காவில் ஃபோஸ்டெனோப்டெரின் என்ற பெயரில் அதற்கு அனுமதி கிடைத்தது. நொதியின் துணைக்காரணி பற்றி அடிப்படை ஆய்வு செய்வதால் என்ன பயன் என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

பன்னிரண்டாம்வகுப்பு

ஐயா, அப்படியானால் துத்தநாகம், தாமிரம் எல்லாம் நிறையச் சாப்பிட்டால் நொதிகள் நன்றாக வேலை செய்யுமா? இணையத்தில் மாத்திரை விளம்பரங்கள் அப்படித்தான் சொல்கின்றன.

மருத்துவர்_தென்காசி

குறை இருப்பவருக்குக் கொடுத்தால் மாற்றம் பெரிது. 1961-இல் ஈரானின் ஷிராஸில், வளர்ச்சி நின்றுபோன இளைஞர்களை ஆராய்ந்த ஆனந்த பிரசாத், மனிதருக்கும் துத்தநாகக் குறை வரும் என்ற எண்ணத்துக்கு வழிவகுத்தார். அவர்கள் உணவு பெரும்பாலும் புளிக்காத ரொட்டி. அதிலுள்ள ஃபைட்டேட் துத்தநாகத்தைக் கட்டிவிடும். மாவைப் புளிக்கவைத்தால் ஃபைட்டேட் குறையும், அந்த வகையில் இட்லி தோசை நல்ல ஏற்பாடு.

குறை இல்லாதவருக்கு அள்ளிக் கொடுத்தால் பயனில்லை, கேடும் உண்டு. நீண்ட காலம் துத்தநாகம் மிகுதியாக எடுத்தால் குடல் தாமிரத்தை உறிஞ்சுவது குறைந்து, இரத்தசோகையும் நரம்புத் தளர்ச்சியும் வரும். செல் உலோகத்தை எவ்வளவு கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது தெரியுமா? 1999-இல் ஓஹலோரன் குழுவினர் ஈஸ்ட் செல்லைக் கணக்கிட்டார்கள். அதில் கட்டற்றுத் திரியும் தாமிர அணு ஒன்றுகூட இல்லை என்ற அளவுக்குத்தான் வந்தது. உள்ளே வரும் ஒவ்வொரு தாமிரத்தையும் கடத்துபுரதங்கள் கையோடு கைமாற்றி உரிய நொதியிடம் சேர்க்கின்றன.

செம்மண்மேடு

மல்லாட்டைக்கொல்லை ஐயாவுக்கு: முடிச்சு நிறைய இருந்து நிறம் வெளிறியிருப்பது, ரைசோபியம் உள்ளே போய்விட்டது, நொதி ஓடவில்லை என்பதைக் காட்டுகிறது. உறவினர் சொன்னது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தப் பருவத்துக்கு இலைவழியாகச் சோடியம் மாலிப்டேட், அளவை வேளாண் அலுவலரிடம் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். பாதி நிலத்துக்கு மட்டும் கொடுத்து, பாதியை அப்படியே விட்டுப் பாருங்கள், அப்போதுதான் காரணம் உறுதியாகும். அடுத்த பருவத்துக்கு முன் சுண்ணாம்பு இட்டு பி.எச்.சை 6-க்கு மேல் கொண்டுவாருங்கள். மல்லாட்டைக்கு எப்படியும் கால்சியம் வேண்டும், காய் திரள அது உதவும்.

வன்னியூரான்

கடைசியாக எனக்கும் ஒரு கேள்வி. நெல்லுக்கே இந்த நொதியைக் கொடுத்துவிட்டால் யூரியாவே வேண்டாமே. பல பத்தாண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஏன் இன்னும் நடக்கவில்லை?

கயல்

தடை அந்தத் துணைக்காரணிதான் என்று நான் நினைக்கிறேன். நைட்ரஜனேஸ் புரதத்தின் மரபணுவை மட்டும் நெல்லுக்குள் வைத்தால் வெறும் புரதம் வரும். கொத்தைக் கட்டுவதற்குத் தனிப் பட்டறையே வேண்டும். நிஃப்-யு, நிஃப்-எஸ் இரண்டும் 4 இரும்பு 4 கந்தகம் கொண்ட சின்னக் கொத்துகளைச் செய்கின்றன. நிஃப்-பி இரண்டைச் சேர்த்து நடுவில் அந்தக் கார்பனை வைக்கிறது. பிறகு அது நிஃப்-இஎன் என்ற தாங்கு புரதத்துக்குப் போகிறது. அங்கே ஒரு இரும்பை எடுத்துவிட்டு மாலிப்டினத்தையும் ஹோமோசிட்ரேட்டையும் வைக்கிறார்கள். அதன் பிறகுதான் உண்மையான நொதிக்குள் நுழைகிறது. கிளெப்சியெல்லாவில் இதற்கென்று சுமார் 20 மரபணுக்கள் வரிசையாக இருக்கின்றன. இவ்வளவும் ஆக்சிஜன் படாமல் நடக்க வேண்டும், பகலெல்லாம் ஆக்சிஜன் வெளியிடும் ஒரு செடிக்குள்.

மைட்டோகாண்ட்ரியாவில் வைக்கலாம் என்று ஒரு வழி போகிறது. அது ஆக்சிஜனைச் செலவழித்துக்கொண்டே இருக்கும் இடம், இரும்பு-கந்தகக் கொத்துகளை ஏற்கெனவே கட்டும் இடமும்கூட. ஈஸ்டின் மைட்டோகாண்ட்ரியாவில் நைட்ரஜனேஸின் இரும்புப் புரதம் வேலை செய்யும் நிலையில் கிடைத்திருக்கிறது. முழு நொதி இன்னும் தொலைவு.

ஆனால் முடியாது என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் கடலில் ஒருமுறை நடந்துவிட்டது. பிராருடோஸ்ஃபேரா பிகெலோவி என்ற ஒற்றைச்செல் பாசிக்குள் ஒரு சயனோபாக்டீரியம் இருக்கிறது. 1998-இல் ஜொனாதன் ஸெர் பசிபிக் நீரில் அதன் டிஎன்ஏ துணுக்கை மட்டும் கண்டார். ஜப்பானில் கியோகோ ஹகினோ பல ஆண்டு முயன்று அந்தப் பாசியை வளர்த்தெடுத்தார். 2024-இல் இருவரும் சேர்ந்த குழுவின் ஆய்வு வந்தது: அந்த பாக்டீரியம் இப்போது தனி உயிராக இல்லை, செல்லோடு சேர்ந்தே பிரிகிறது, தனக்கு வேண்டிய புரதங்களில் பலவற்றைப் பாசியிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. செல்லின் உறுப்பாகவே ஆகிவிட்டது. நைட்ரோபிளாஸ்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கொத்தைக் கட்டும் பட்டறை முழுவதும் பாக்டீரியாவோடு அப்படியே உள்ளே வந்திருக்கிறது, தனித்தனி மரபணுவாக வரவில்லை. நெல்லுக்கும் மரபணுவை ஒவ்வொன்றாக நகர்த்துவதைவிட இப்படி முழுப் பட்டறையையும் சேர்த்துக் குடியேற்றும் வழியில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். நொதிப்பித்தன் அண்ணா இதற்கு மறுப்பு வைத்திருப்பார், கேட்கக் காத்திருக்கிறேன்.

நொதிப்பித்தன்

மறுப்பு உண்டு. நைட்ரோபிளாஸ்ட் அந்த நிலைக்கு வர கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருக்கின்றன, நம்மிடம் அந்தக் காலம் இல்லை. மைட்டோகாண்ட்ரியா வழிதான் நடைமுறைக்கு வரும் என்பது என் கணிப்பு. அதற்கு முதல் படி, நிஃப்-பி கட்டிய கொத்து, கார்பனோடு சேர்த்து, ஒரு செடியின் செல்லுக்குள் முழுசாக உருவாகிறது என்று காட்டுவது. நிஃப்-பி பற்றித் தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.